விடியும்வரை பொறுக்கக் கூடாத வயிற்றுவலி



வன்னிக் கிராமமொன்றில் நான் அடிக்கடி போய்வரும் வீடு அது. கணவரை யுத்தத்தில் இழந்து, ஆடு வளர்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அந்த அக்கா. சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் அவருடைய இருதய வால்வு பழுதடைந்திருந்தது. இதயத்துடிப்பும் ஒழுங்கில்லை. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்துவந்தார். அறுவடைக் காலத்தில் இரண்டு தடவை கிளினிக்குக்குப் போகவில்லை. குளிசையும் முடிந்துவிட்டது.

ஒருநாள் இரவு திடீரென வயிற்றில் தாங்கமுடியாத வலி. வாந்தியும் வந்தது. வாயுக்குத்து என்று இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்திருக்கிறார். "பிள்ளையளை ஏன் பயப்படுத்துவான், விடியட்டும் எண்டு கிடந்தனான் பிள்ளை" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இருதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி ஒன்று போய், குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியை அடைத்திருந்தது. இரத்தம் முற்றாக நின்றால் சுமார் 6 மணித்தியாலத்திலேயே குடல் அழுகத் தொடங்கலாம். ஆரம்பத்தில் வலி கடுமையாக இருக்கும். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெதுவாகவே இருக்கும். இதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சி.ரி. ஸ்கான் செய்தால் அடைப்புத் தெரியும்.

நேரத்தோடு போனால் சேலைன், நுண்ணுயிர்கொல்லி மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி ஆகியவற்றைக் கொடுத்து, அடைப்பை நீக்கிக் குடலைக் காப்பாற்ற இடமுண்டு. தாமதித்தால் இறந்த பகுதியை வெட்டி அகற்றவேண்டும். மீதிக் குடல் நன்றாக உள்ளதா எனப் பார்க்க, ஓரிரு நாட்களில் மறுபடி வயிற்றைத் திறக்கவும் நேரலாம். இந்த நோய் வந்தவர்களில் அரைவாசிப்பேர் வரையில் இன்றும் உயிரிழக்கிறார்கள். அக்கா பிழைத்தார். ஆனால் குடலில் ஒரு பகுதி போய்விட்டது. இப்போது சிறிது சிறிதாகப் பல தடவை சாப்பிடுகிறார்.

இதே நோய் மெதுவாக வருவதும் உண்டு. சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயிறு வலிக்கும். அந்தப் பயத்தில் சாப்பாடு குறையும், உடம்பு மெலியும். "கவலையிலை வத்திப்போனா" என்று ஊர் சொல்லிவிடும். எங்கள் பெண்களுக்குக் கவலை இல்லையென்று யார் சொல்வார்? ஆனால் எல்லா மெலிவுக்கும் கவலையே காரணமல்ல. சுருங்கிய நாடியை விரித்து ஸ்டென்ட் வைத்தால் பலர் மறுபடி பயமின்றிச் சாப்பிடுகிறார்கள்.

பெருங்குடலில் இரத்தம் குறைந்தால் இடப்பக்க வலியோடு மலத்தில் இரத்தம் போகலாம். இது பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே மாறும். ஆனாலும் மூலவியாதி என்று நீங்களே முடிவெடுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இருதய நோய், பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்களும் புகைப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். நடுச்சாமமானாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். இருதய வருத்தம் இருப்பதையும், குளிசை தவறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த அக்காவின் வீட்டுக் கலண்டரில் இப்போது கிளினிக் நாள் சிவப்புப் பேனையால் வட்டமிடப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் கலண்டரையும் இன்றைக்கு ஒருதரம் பாருங்கள்.