விமானம் ஏறுமுன் வீட்டுப் பாடம்

"அங்கே போய் ஏதாவது பார்ட் டைம் வேலை பார்த்துக் கொள்வான், கைச் செலவுக்கு ஆச்சு!"

பிள்ளையையோ பெண்ணையோ மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா அனுப்பும் அம்மாக்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே கல்லூரிகளில் வகுப்பு பிப்ரவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். அதற்கு முந்தின மாதம் வீட்டில் ஒரே அமளி! ஸ்வெட்டர் வாங்கியாச்சா, பெட்டி எடை சரியா, குக்கருக்கு இன்னொரு காஸ்கெட் வைத்தாச்சா... எல்லாம் கவனிக்கிறோம். அந்தப் பார்ட் டைம் வேலைக்கு என்ன தயார் செய்தோம் என்று மட்டும் யோசிப்பதில்லை.

அது என்ன வேலை தெரியுமா? பெரும்பாலும் ஹோட்டலில் பாத்திரம் அலம்புவது, காய் நறுக்குவது, மேஜை துடைப்பது, சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குவது, ஆபீஸ்களைப் பெருக்கித் துடைப்பது. நாம் அன்றாடம் செய்கிற வேலைதான், சகோதரிகளே! இதற்கு வெளியே பணம் கட்டி வகுப்புத் தேடுவானேன்? உங்கள் சமையலறையே முதல் பயிற்சிக்கூடம். புறப்படுவதற்கு முன் இரண்டு மாதம் கிடைத்தால் போதும்.

கை பழகட்டும்

"என் பிள்ளை காபி குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைதான் அங்கே நாலு மணி நேரம் கால் கடுக்க நின்று பாத்திரம் அலம்பப் போகிறான். ஆகவே பையனானாலும் பெண்ணானாலும், ராத்திரி அடுக்களை இனி உன் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். பாத்திரம், மேடை, அடுப்பு, தரை எல்லாம் முடித்த பிறகே படுக்கை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ வெங்காயத்தை ஒரே அளவாக நறுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியை உள்ளே மடக்கிக்கொண்டு கத்தியில் நறுக்கப் பழகட்டும். அங்கே அரிவாள்மணை கிடையாதே!

சைவக் குடும்பத்தார் ஒன்றை முன்பே பேசிவிடுவது நல்லது. மாமிசம் சமைத்த பாத்திரத்தைத் தொட வேண்டி வரலாம். மனசு ஒப்பவில்லை என்றால் வேறு வேலை தேடட்டும். அங்கே போய்த் தவிக்க வேண்டாம்.

ஹோட்டல் வேலைக்குச் சுத்தமும் ஒரு பாடம். 2023 டிசம்பர் முதல் அங்கே இதற்கென்று தனி விதியே வந்திருக்கிறது. அடிப்படை சுலபம்தான். 5 டிகிரி செல்ஸியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். குளிர வேண்டியது 5-க்குக் கீழே, சூடாக இருக்க வேண்டியது 60-க்கு மேலே. பச்சை மாமிசத்துக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. ஃப்ரிஜ்ஜில் அது கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். இவற்றைப் பழகினால் உங்கள் வீட்டுக்கும் ஆரோக்கியம்தான்.

வாய் பழகட்டும்

புரியாவிட்டாலும் தலையாட்டுவது நம் பிள்ளைகளின் வழக்கம். கொதிக்கிற எண்ணெய்க்கு அருகில் நிற்கும்போது அது ஆபத்து. "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று கூச்சமில்லாமல் இங்கிலீஷில் கேட்க வேண்டும். பாங்க்கில் விசாரிப்பது, டிக்கெட் பற்றிப் போனில் கேட்பது எல்லாவற்றையும் இப்போதே அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வேலைக்கு எழுதும் பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், போட்டோ எதுவும் வேண்டாம். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர முடியும் என்பதுதான் முக்கியம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியதும், கல்லூரி விழாவில் ஸ்டால் போட்டதும்கூட அனுபவமே, எழுதலாம்.

மது பரிமாறும் இடத்தில் வேலை செய்ய ஆர்.எஸ்.ஏ. என்ற சான்றிதழ் வேண்டும். இதன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே இங்கிருந்தே யாரிடமும் பணம் கட்டாதீர்கள். போய் இறங்கிய ஊரின் விதியைப் பார்த்துச் செய்யட்டும். சம்பளம் வாங்க வரி எண் வேண்டும். அது அங்கே போன பிறகு இலவசமாகவே கிடைக்கும்.

சட்டமும் தெரியட்டும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2015-ல் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. அங்குள்ள செவன் லெவன் கடைகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய சம்பளத்தில் பாதி அளவே கொடுத்திருந்தார்கள். அப்போது இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வரம்பு. அதை மீறி வேலை வாங்கிவிட்டு, 'புகார் செய்தால் விஸா போய்விடும்' என்று மிரட்டல் வேறு! கடைசியில் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஆனால் அதுவரை எத்தனை பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் வாய்மூடி இருந்திருப்பார்கள்!

ஆகவே இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்:

வகுப்பு தொடங்குமுன் வேலை கூடாது. தொடங்கிய பிறகு, 2023 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி, இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். கல்லூரி விடுமுறையில் வரம்பில்லை.

பெரியவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை 1-ல் மணிக்கு 24.95 டாலர் என்று வைத்தார்கள். நிரந்தரமில்லாத 'கேஷுவல்' வேலைக்கு இதற்கு மேல் 25 சதவீதம் கூடுதல். 21 வயது நிரம்பாதவர்களுக்குக் குறையலாம். வருஷா வருஷம் ஜூலையில் மாற்றுவார்கள். புறப்படும்போது புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு தர வேண்டும். "ஒரு வாரம் சும்மா பழகு" என்று சம்பளமில்லாமல் வேலை வாங்கக் கூடாது.

முதலாளியால் விஸாவை ரத்து செய்ய முடியாது. அது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. குறை இருந்தால் ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தில் இலவசமாக உதவி கேட்கலாம்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாங்க் கடன் தவணையை இந்தச் சம்பளத்தை நம்பிப் போடாதீர்கள். 2024 மே மாதம் முதல் அங்கே விஸா கேட்பவர், படிப்புச் செலவும் பயணச் செலவும் போக, ஒரு வருஷச் சாப்பாடு, வாடகைக்கு 29,710 டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். பார்ட் டைம் சம்பளத்தை நம்பி வராதே என்று அந்த அரசாங்கமே சொல்வதாகத்தானே அர்த்தம்?

"இந்த மாசம் எவ்வளவு அனுப்புவே?" என்று நாம் கேட்கக் கேட்க, பிள்ளை 48 மணியைத் தாண்டி வேலை செய்யத் துணியும், பிறகு மிரட்டினாலும் அடங்கிப் போகும். அதற்குப் பதில், போன் பண்ணும்போது, "ஒழுங்காச் சம்பளம் தராங்களா? தொந்தரவு இருந்தா வேலையை விட்டுடு, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த தைரியம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும்.