ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கும் ஆலோசனை வேண்டும்



சிற்றூர்க் கண்ணாடிக் கடையில் தனியாகக் கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது, கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்று ஒருவர் வந்தால் எனக்குக் குழப்பமே இல்லை. விழித்திரை கிழிந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன். பார்வை நரம்பின் நடுக்குழி சற்றுப் பெரிதாக இருந்து, கண் அழுத்தம் சரியாக இருக்கும்போதுதான் தடுமாற்றம். பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா, அழுத்தம் கூடாமலும் வரும். பிறவியிலேயே குழி பெரிதாக இருப்பவர்களும் உண்டு. தினக்கூலிக்காரரை உடனே பெருநகரத்துக்குப் போகச் சொல்வதா, சில மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதா? யாரைக் கேட்பது?

அரவிந்த் மருத்துவமனையின் கிராமக் கண் மையங்களில் இருப்பவர்கள் தொலைமருத்துவம் வழியாக மருத்துவரிடம் கேட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் ஆப்டோமெட்ரிஸ்டுகளின் கல்லூரியே உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்கிறது. கடைகளில் இருக்கும் எங்களுக்கு, கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப்தான் கதி. நோயாளியின் கண் படத்தை அப்படி அனுப்புவது முறையும் அல்ல.

இணைமருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களையும் அங்கீகரித்திருக்கிறது. அதன்கீழ் அமையும் மாநிலக் கவுன்சில், அனுபவமுள்ளவர்கள் பதில் சொல்லும் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்க வேண்டும். கேட்டதும் சொன்னதும் பதிவாக வேண்டும். கடை மூடும் நேரம் வரை அது இயங்க வேண்டும்.

– ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட், விழுப்புரம் மாவட்டம்