ஆறு மறந்துபோன இருபத்தாறு ஆண்டுகள்

2018 ஆகஸ்டு வெள்ளம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் துறை நண்பர்கள் இரு கட்சிகளாகப் பிரிகின்றனர். அணையே வெள்ளத்தைப் பெருக்கியது என்போர், கேரள உயர்நீதிமன்றத்திற்குத் துணைபுரிய நியமிக்கப்பட்ட வழக்கறிஞரின் 2019 அறிக்கையைக் காட்டுகின்றனர். மழையே காரணம் என்போர் மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கையைக் காட்டுகின்றனர்: இடுக்கிக்கு உச்ச நீர்வரத்து நொடிக்கு ஏறத்தாழ 2,500 கனமீட்டர், வெளியேற்றமோ 1,500, ஆகவே அணை வெள்ளத்தைத் தணித்தது. இக்கணக்கை நான் மறுக்கவில்லை. அது ஆகஸ்டு நடுவில் தொடங்குகிறது என்பதே என் குறை. 1992-இல் தொடங்கியிருக்க வேண்டிய கணக்கு அது.

அவ்வாண்டு மூடிய செறுதோணி ஷட்டர்கள் 2018 ஆகஸ்டு 9 வரை திறக்கப்படவில்லை. இடுக்கி நீர் மலையைக் குடைந்து மூலமற்றம் மின்நிலையத்திற்குச் சென்று, தொடுபுழா வழியே வேறொரு படுகையில் கலக்கிறது. அணைக்குக் கீழே பெரியாறு வறண்ட பாறைப்பரப்பாயிற்று. சிறுவெள்ளம் ஆண்டுதோறும் வந்திருந்தால் ஆற்றின் எல்லை எதுவென்று ஊர் அறிந்திருக்கும். வராததால் ஆற்றோரத்தில் கடைகளும் வீடுகளும் பேருந்து நிலையமும் எழுந்தன. குடியேறியவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் அவர்களுக்கு மின்இணைப்பும் சாலையும் தந்தது யார்? அணை சிறுவெள்ளங்களை விழுங்கியது, பெருவெள்ளத்தை முழுவதும் விழுங்க அதனால் இயலவில்லை. உச்சப் பெருக்கைக் குறைத்தோம் என்னும் வாய்பாட்டில், அப்பெருக்கின் வழியில் எத்தனை வீடுகளை வரவிட்டோம் என்பதற்கு இடமே இல்லை.

நீர்த்தேக்கம் வெள்ளத்தைத் தணிப்பது அதிலுள்ள வெற்றிடத்தால். 2018 ஜூலை இறுதியிலேயே மட்டம் 2,395 அடியைத் தாண்டியிருந்தது, முழுமட்டம் 2,403. மின்னுற்பத்திக்கென நிரப்பிய தேக்கத்தை வெள்ளத் தடுப்பு அரண் என்று பாடம் நடத்துகிறோம்.

பின்னர் மட்ட வரையறை வந்தது. 2021 அக்டோபரில் ஷட்டர்கள் திறந்தன. நன்று, ஆயினும் போதாது. ஆண்டுதோறும் பருவமழையின்போது, முன்னறிவிப்புடன் இரண்டு நாள் நொடிக்கு 50 கனமீட்டர் விடட்டும். மொத்தம் ஏறத்தாழ 86 இலட்சம் கனமீட்டர். பயன்தரு கொள்ளளவான 146 கோடியில் ஒரு விழுக்காடு கூட இல்லை. ஒரு கனமீட்டருக்கு ஒன்றரை யூனிட் எனக் கொண்டால் இழப்பு ஒன்றேகால் கோடி யூனிட்டுக்குச் சற்று மேல். மின்வாரியத்தார் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும்.

எங்கள் உடும்பஞ்சோலைப் பகுதியின் கல்லாறும் இரட்டையாறும் இப்படித்தான் சிற்றணைகளால் மறிக்கப்பட்டு, சுரங்கம் வழியாக இடுக்கிக்குத் திருப்பப்பட்டுள்ளன. அஞ்சுருளியில் நீங்கள் அருவி என்று படமெடுப்பது அந்நீரையே. சிற்றணைகளில் பெரிய வெற்றிடம் ஏது? மழை மிகுந்தால் ஷட்டரை உயர்த்துவது தவிர வழியில்லை. அவற்றின் கீழுள்ள ஓடைக்கரைகளை இன்றும் எவரும் அளந்து கல் நடவில்லையெனில், அடுத்த ஆய்வறிக்கையும் மழையைத்தான் குற்றஞ்சாட்டும்.