நொண்டி வான்கோழிக்கு வைத்தியம் எதற்கு?

நாய்க்குக் கால் ஒடிந்தால் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடுகிறோம். பூனை இரண்டு நாள் உண்ணாமல் கிடந்தால் நமக்கும் சோறு இறங்குவதில்லை. அதே வீட்டில் வளரும் கோழிக்கோ வாத்துக்கோ வான்கோழிக்கோ கால் போனால் மட்டும், “அறுத்துடு, கறியாவது மிஞ்சும்” என்கிறோம். இரண்டும் நம் கையால் தீனி தின்று வளர்ந்தவைதாம். அடிபட்டால் இரண்டுக்கும் வலிக்கும். அப்படியிருக்க, ஒன்றுக்கு வைத்தியம், மற்றொன்றுக்குக் கத்தி என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு சரிதானா?

சரியில்லை என்பது என் கருத்து. கறிக்காக வளர்த்தாலும் ஆசைக்காக வளர்த்தாலும், நம் பொறுப்பில் இருக்கும்வரை அந்த உயிரின் வலிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதால் என்னைச் சைவப் பிரசாரகன் என்று எண்ணிவிட வேண்டாம். விடுதி உணவகத்தில் கோழிப் பொரியலுக்கு வரிசை பிடிப்பவர்களில் நானும் ஒருவன். கறி உண்பவன்தான் இக்கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பழிச்சொல் சுமக்கும் பறவை

தமிழ் படித்தவர்களுக்கு வான்கோழி புதிய பறவையன்று. மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடப்போகும் பறவையாக, கல்லாதவனுக்கு உவமையாக, சிறு வயதிலேயே அதை அறிந்திருக்கிறோம். இன்று நாம் வான்கோழி என்றழைக்கும் பறவைக்கோ மயிலைத் தெரியவே தெரியாது. அதன் தாயகம் வட அமெரிக்கா. அங்குக் காட்டு மயில் கிடையாது. தவிர, மயில் விரிப்பது வாலின் மேல் மூடிக் கிடக்கும் நீண்ட இறகுகளை; வான்கோழிச் சேவல் விரிப்பதோ தன் வாலையே. யாரையும் பார்த்து அது ஆடவில்லை. தன் இனத்துக்குரிய ஆட்டத்தைத்தான் ஆடுகிறது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒன்று வந்தது. அதன் தலையும் கழுத்தும் பச்சோந்திபோல் நிறம் மாறுவதைப் பேரரசர் தம் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். ஓவியர் மன்சூர் வரைந்த படம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கிறது. மலாய்க்காரர் அதை ‘ஆயாம் பெலாண்டா’ என்பர், அதாவது ஒல்லாந்தர் கோழி. துருக்கியர் ‘ஹிந்தி’ என்பர். போர்த்துகீசியர் ‘பெரு’ என்பர். எங்குப் போனாலும் அடுத்த நாட்டான் பறவை என்றே அதற்குப் பெயர். சொந்தம் கொண்டாட ஆளில்லாத உயிரின்மேல் அக்கறை குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

மூன்று வாரமா, ஒரு நிமிடமா?

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீடு. தீபாவளிக்கென்று அப்பா ஒரு சேவலும் ஒரு பெட்டையுமாக இரண்டு வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வளர்த்தார். சேவலுக்கு எட்டு மாதம் ஆனபோது எடை ஏழு கிலோவுக்குக் குறையாது. சமையலறையில் குக்கர் விசிலடித்தால் கொல்லையிலிருந்து அது பதில் குரல் கொடுக்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஓர் இரவு தெரு நாய் துரத்தியதில் அதன் கால் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. காலையில் பார்த்தபோது வலக்காலை ஊன்ற முடியாமல் இறக்கையைத் தரையில் பரப்பிக் கிடந்தது. பருவ இடைவிடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது.

மாமா உடனே தீர்ப்புச் சொன்னார்: “இப்பவே அறுத்துப் பெட்டியில வச்சிடுங்க மச்சான். இதுக்குப் போயி மருந்து வாங்குனா ஊரே சிரிக்கும்.” பக்கத்து வீட்டுக்காரர் வேறு வழி சொன்னார். ஒரு மூலையில் போட்டுத் தண்ணீர் காட்டினால் போதுமாம். தீபாவளி வரைக்கும் தாங்கிவிடுமாம்.

இவ்விரண்டு வழிகளையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். மாமாவின் வழி கடுமையானது. ஆனால் ஒரு நிமிடத்தில் வலி முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் வழி இரக்கம்போல் தோன்றும். உண்மையில் அது மூன்று வாரச் சித்திரவதை. நம் வீடுகளில் அதிகம் நடப்பது இந்த இரண்டாவதுதான். கறி கெடக்கூடாது, செலவும் கூடாது, கத்தியெடுக்கவும் நாள் வரவில்லை என்று ஓர் உயிரை மூலையில் கிடத்தி வைப்பதை யாரும் கொடுமை என்று எண்ணுவதே இல்லை. நான் எதிர்ப்பது இந்த எண்ணமில்லாமையைத்தான். ஒன்று, முறையாக வைத்தியம் பார்க்க வேண்டும். அல்லது, பிழைக்க வழியில்லை என்றால் வலியின்றி விரைவாக முடிக்க வேண்டும். மூன்றாவது வழி நமக்கு இல்லை.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. காயம், நோய், வலி ஆகியவற்றிலிருந்து விலங்கைக் காப்பது உரிமையாளர் கடமை என்கிறது அச்சட்டம். கொடுமைக் குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். இது நாய் பூனைக்கு மட்டுமான சட்டமன்று.

நாங்கள் முதலில் போன தனியார் மருந்தகத்தில் நாயும் பூனையும் மட்டுமே பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தில்தான் பறவையைத் தொட்டுப் பார்த்தார்கள். செதில் மூடிய கணைக்காலில் எலும்பு முறிந்திருந்தது. விலகவில்லை, தோலும் கிழியவில்லை. கட்டுப்போட்டால் சேரும் என்று சொன்ன அம்மையார் அடுத்து ஒன்று கேட்டார்: “இது சாப்பிடுவதற்கா, வளர்ப்பதற்கா?”

அவர் கேட்டதில் காரணம் இருந்தது. வலிக்கும் கிருமிக்கும் கொடுக்கும் மருந்து இறைச்சியில் தங்கும். அது உடம்பைவிட்டு நீங்கக் குறிப்பிட்ட காலம் ஆகும், அதுவரை அறுக்கக்கூடாது. எலும்பு சேர மூன்று வாரம், அதன் பிறகு மருந்தின் கெடு. ஊசி போட்டால் இவ்வாண்டு தீபாவளிக்கு வான்கோழிக் கறி இல்லை என்று பொருள். எட்டு மாதத் தீனிச் செலவை எண்ணி அப்பா சற்று நேரம் பேசாமல் நின்றார். உடன் வந்திருந்த பாட்டிதான் முடிவைச் சொன்னார்: “வாயில்லா சீவன்யா. தீபாவளிக்கு ஆட்டுக்கறி எடுத்துக்கலாம். ஊசிய போடச் சொல்லு.”

இரக்கம் மட்டும் போதாது

வைத்தியம் என்றதும் அன்பு காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மூன்று வாரம் நான் கண்டது வேறு. அறிவில்லாத அன்பு பறவையைக் கொன்றுவிடும்.

ஏழு கிலோ பறவை காலை ஊன்றாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால் நெஞ்செலும்பின்மேல் தோல் புண்ணாகிவிடும். ஆகவே இழைப்புச் சீவலைக் கனமாகப் பரப்பி, இருபுறமும் சுருட்டிய துண்டுகளை அணைகொடுத்து நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். நாளிதழ் விரிக்கக்கூடாது, வழுக்கி, நல்ல காலும் விரிந்துவிடும். எச்சத்தை அன்றாடம் அள்ளாவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். தீனியும் தண்ணீரும் கழுத்தை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கியிருக்கின்றனவா, குளிர்ந்திருக்கின்றனவா என்று காலையும் மாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டு இறுகினால் விரலே அழுகிவிடும். தூக்கும்போது இரு இறக்கைகளையும் உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது சந்தைப் பழக்கம்.

வான்கோழி கூட்டமாக வாழும் பறவை. தனியே அடைத்தால் ஏங்கும். கூட்டத்தோடு விட்டால் மற்றவை அடிபட்டதைக் கொத்தும். அதற்காகக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெட்டையை விட்டோம். அதைப் பார்த்துக்கொண்டே சேவல் தீனி எடுத்தது. நாட்டுக்கோழிகளை மட்டும் அண்டவிடவில்லை. கோழிகளின் குடற்புழு வழியாகப் பரவும் ஒரு நோய் கோழியை அவ்வளவாகப் பாதிக்காது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

மூன்றாவது வாரம் கட்டு அவிழ்த்தார்கள். அவிழ்த்த அன்றே அது நடக்கவில்லை. ஒருநாளைக்குச் சில நிமிடம் பிடித்து நிற்க வைத்தோம். பத்து நாள் கழித்துத் தானே நடந்தது. இன்றும் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறது. குக்கருக்குப் பதில் சொல்வதை மட்டும் விடவில்லை.

எதிர்க்கேள்விகள்

“மனிதருக்கே மருந்துக்கு வழியில்லாத நாட்டில் பறவைக்குச் செலவா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நாய்க்கும் கைப்பேசிக்கும் கார் அலங்காரத்துக்கும் செலவழிக்கையில் எழாத இக்கேள்வி, வான்கோழி என்றதும் எழுவது ஏன்? பறவைக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த பணம் ஏழை நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்வதும் இல்லை.

“கடைசியில் தின்னத்தானே போகிறீர்கள், இது போலித்தனம் இல்லையா?” என்பது இன்னொரு கேள்வி. எங்கள் வான்கோழி அடுத்த தீபாவளிக்குக் குழம்புக்குப் போகுமா என்பதை அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை. போனாலும் என் கருத்து மாறாது. முடிவு எப்படி இருந்தாலும், அதற்கு முந்தைய நாள்கள் வலியில்லாமல் கழிய வேண்டும். இறக்கப்போகிறவன் என்பதற்காக நோயாளிக்கு நாம் தண்ணீர் கொடுக்காமல் விடுகிறோமா?

இன்னும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வான்கோழியின் கால் நோவில் மனிதனுக்கும் பங்குண்டு. பெரும் பண்ணைகளுக்காக உருவாக்கப்பட்ட அகன்ற மார்பு வெள்ளை வான்கோழிக்கு மார்புக் கறி மிகுதி. அந்த எடையைக் கால் தாங்குவதில்லை. இயற்கையாக இணைசேரவும் முடியாமல் செயற்கைக் கருவூட்டலால்தான் அவ்வினம் பெருகுகிறது. நமக்கு வேண்டிய கறிக்காக உடலை மாற்றிவிட்டு, கால் மடங்கியதும் பயனற்றது என்று தள்ளுவது என்ன நியாயம்?

சிம்பும் ஸ்பிளிண்டும்

தமிழ் வளர்க்கப் பேரவை கண்டிருக்கும் நம்மிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. பறவையின் காலுக்கு வைத்த சட்டத்தை நான் ‘ஸ்பிளிண்ட்’ என்றேன். பாட்டி, “சிம்பு வச்சுக் கட்டுறதுன்னு சொல்லுய்யா” என்றார். தோட்டத்து லயத்தில் மாடும் ஆடும் கோழியும் வளர்த்த தலைமுறை அது. எந்தக் கழிச்சலுக்கு எது கொடுப்பது, அடைக்கோழியை எங்கே வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் சொன்ன யாவும் சரியென்று நான் கூற வரவில்லை. முறிந்த காலில் எண்ணெய் தடவி நீவ வேண்டும் என்றார் பாட்டி. எலும்பு விலகிவிடும் என்று அலுவலகத்தில் தடுத்துவிட்டார்கள். பாட்டியும் ஏற்றுக்கொண்டார். அனுபவமும் மருத்துவமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அதற்கு இரண்டும் ஒரே மொழியில் சந்திக்க வேண்டும். இன்று பாட்டியின் சொற்கள் பாட்டியோடு போகின்றன. மருத்துவரின் சொற்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நின்றுவிடுகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பின், இச்சொற்கள் புழங்க இடமும் குறைந்துவிட்டது. செர்டாங்கில் கால்நடை மருத்துவம் பயிலும் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். தமிழியல் பயிலும் நாமும் இருக்கிறோம். இருசாராரும் சேர்ந்து, வீட்டுப் பறவைகளுக்கு நேரும் காயமும் நோயும் பற்றி, தாத்தா பாட்டிமார் வழங்கும் சொற்களைக் கொண்டே ஒரு சிறு கையேடு எழுத முடியாதா? நாற்பது பக்கம் போதும். விழாவுக்கு விழா மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவதைவிட அந்நாற்பது பக்கத்தால் விளையும் நன்மை அதிகம் என்பேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் உங்கள் வீட்டுக் கொல்லைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மூலையில் ஏதேனும் ஒன்று காலை இழுத்துக்கொண்டு கிடந்தால், பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.