எடை பார்க்கத் தெரிந்த சமுதாயமே, ரோட்டையும் எடை பார்!

 

உங்கள் கடைக்கு ஒரு மூட்டை பருப்பு வந்து இறங்கினால் என்ன செய்கிறீர்கள்? தராசில் ஏற்றுகிறீர்கள். மூட்டைக்குள் கையை விட்டு அடியில் கிடப்பதை அள்ளிப் பார்க்கிறீர்கள். பில்லைச் சரிபார்த்த பிறகுதான் பணம். அரைக் கிலோ குறைந்தால் கமிஷன் மண்டிக்குப் போன் பறக்கிறது.

அதே கடை வாசலில் பல லட்ச ரூபாயில் வாறுகால் கட்டுகிறார்கள். என்ன ஆழம்? என்ன அகலம்? யார் காண்ட்ராக்ட்? கேட்டால், "நமக்கெதுக்கு பாய் வம்பு?" என்கிறீர்கள். அந்த வாறுகால் யார் பணம்? நீங்கள் கட்டும் சொத்துவரி, தொழில்வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் கிடக்கிறது. சொந்தப் பணத்தில் பருப்புக்கு ஒரு நியாயம், ரோட்டுக்கு ஒரு நியாயமா?

நம்முடையது கரிசல் பூமி. மழையில் ஊதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். கோவில்பட்டியிலும், எட்டயபுரத்திலும், விளாத்திகுளத்திலும் ரோடு நிற்க வேண்டுமானால் அடியில் கிராவலும் ஜல்லியும் கணக்குப்படி விழ வேண்டும். ஓரத்தில் தண்ணீர் வடிய வழி வேண்டும். தாரின் மினுமினுப்பை எல்லோரும் பார்க்கலாம். அடியில் நாலு அங்குலம் குறைந்ததை யார் பார்ப்பது? ஐப்பசி மழைதான் பார்க்கிறது. பிறகு குழியில் விழுந்து கால் ஒடிபவன் காண்ட்ராக்டர் அல்ல. தீப்பெட்டி ஆபீசுக்கு சைக்கிளில் போகும் ஏழைதான்.

"இதெல்லாம் அரசியல், மார்க்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பவர்களே! திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? அல்பகராவின் 282-வது வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வை, சாட்சி வை, சிறிதோ பெரிதோ சலிப்படையாதே என்று கட்டளையிடும் வசனம் அது. ஜகாத் வசூலிக்கப் போனவர், "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். இன்றைய 'கமிஷனுக்கு' இதைவிடச் சவுக்கடி வேண்டுமா?

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எஸ்டிமேட், பணி ஆணை, அளவுப் புத்தகம், பில் நகல்களைக் கேட்கலாம். நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும் உரிமை உண்டு.

இந்தச் சட்டம் எங்கே முளைத்தது தெரியுமா? ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில், கூலி வேலை செய்யும் மக்கள் சங்கம் ஒன்று பஞ்சாயத்துக் கணக்கை ஊர் நடுவே உரக்கப் படித்தது. வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அவர்களிடம் பணமில்லை, பதவியில்லை. கணக்கைக் காட்டு என்ற ஒரே கேள்விதான்.

நம் மாநிலத்திலும் சென்னை, கோவை மாநகராட்சி டெண்டர்களில் போட்டியாளர்களாகக் காட்டப்பட்டவர்கள் ஒரே கணினி இணைப்பிலிருந்து விலை கொடுத்ததாக அறப்போர் இயக்கம் 2018-ல் ஆவணங்களுடன் புகார் செய்தது. 2021-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. முன்னாள் அமைச்சர் மீதான வழக்கை 2022 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. வழக்கின் போக்கு ஒருபுறம் இருக்கட்டும். காகிதத்தைத் தேடிப் படித்ததால்தான் கேள்வியே பிறந்தது!

நாம் என்ன செய்கிறோம்? தேர்தல் வந்தால் சால்வையோடு போய் கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறோம். சுவர் வந்ததும் நன்றி போஸ்டர் ஒட்டுகிறோம். அந்தச் சுவருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. காண்ட்ராக்ட் எடுத்தவர் நம்மவர் என்றால் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது. பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல் என்கிறதே அந்நிஸாவின் 135-வது வசனம்! அது அடுத்த தெருக்காரருக்கு மட்டும் இறங்கியதா?

இளைஞனே! நாளைக்கே தொடங்கு. முதலில் உன் தெரு யார் கையில் என்று பார்: நகராட்சியா, ஊராட்சி ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா? அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடு. 30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் மாநில தகவல் ஆணையம். பதில் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கு. அளவுப் புத்தகத்தில் உள்ள நீளமும் அகலமும் தரையில் இருக்கிறதா என்று அள. கிராமமானால் கிராம சபையில் எழுந்து வாசி. தனியாகப் போகாதே, மாற்று மதச் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு போ. குழி எவனுடைய ஜாதியையும் கேட்டு விழவைப்பதில்லை.

வியாபாரியே! மனுவுக்கு ஆகும் பத்து ரூபாயை நீ கொடு. எழுதத் தெரிந்த பையனுக்கு உன் கடைத் திண்ணையில் இடம் கொடு.

அளவில் குறைப்பவனுக்குக் கேடு என்று எச்சரிக்கும் அத்தியாயத்தை ஓதுகிறோம். குறைத்தது தெரிந்தும் தராசைத் தூக்காமல் இருந்தவனிடமும் நாளை கேள்வி உண்டு. பதிலைத் தயார் செய்யுங்கள்!