கரணமும் கோலமும் பாடமாகட்டும்

டிசைன் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே வரைதல், கோடிங், கட்டடக் கலை வரலாறு மூன்றும் வந்துவிடுகின்றன. அவற்றை ஒட்டும் உறவும் இல்லாத மூன்று பாடங்களாக நடத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது. புவனகிரியிலிருந்து அப்படிப் படிக்கப் போகும் பெண்ணுக்கு மூன்றும் ஊர்ப்பக்கமே இருக்கின்றன. வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் சிதம்பரம். நடராசர் கோயில் கிழக்குக் கோபுர வாசலின் இருபுறச் சுவர்களிலும் வரிசையாகக் கரணங்கள் எனும் நடன நிலைகளின் சிற்பங்கள், கூடவே நாட்டிய சாஸ்திர வரிகளும் கல்வெட்டாக. ஒரே ஒரு கரணத்தை, மடங்கிய முழங்காலும் திரும்பிய இடுப்புமாகப் பென்சிலில் வரைந்து பார்க்கட்டும். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று கைக்கே தெரிந்துவிடும். செல்போனில் படம் பிடித்தால் தெரியாது. கட்டடக் கலை வரலாற்றுக்கு அந்தக் கோபுரமே பாடம். கோடிங்குக்கு வாசல் கோலம் போதும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கண விதிகளாக எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்த விதிகளை நம் பிள்ளைகள் இன்று பைத்தானில் எழுதிப் பார்க்கலாம். ஆசிரியர்களே, முதல் பருவத்து அசைன்மென்ட்டை மாணவரின் சொந்த ஊரில் தொடங்குங்கள். கிரேக்கமும் ரோமும் அடுத்த பருவத்தில் வரட்டும்.