வரிசையில் நிற்கும் பெரியவர்கள்

1906ஆம் ஆண்டு மாக்ஸிம் கார்க்கி அமெரிக்கா போனார். ரஷ்யப் புரட்சி இயக்கத்துக்கு நிதி திரட்டும் பயணம் அது. உடன் வந்த மரியா ஆந்த்ரேயெவா சட்டப்படி மனைவி அல்லர் என்று பத்திரிகைகள் கிளப்பிவிட, நியூயார்க்கின் ஓட்டல்கள் இருவரையும் வெளியே அனுப்பின. தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் நம்மில் பலர் படித்து வளர்ந்த ‘தாய்’ நாவலின் பெரும்பகுதி அந்தப் பயணத்தில்தான் எழுதப்பட்டது. அதே பயணத்தில் அவர் கோனி ஐலண்டையும் பார்த்தார்.

புரூக்ளினின் கடற்கரை அது. லூனா பார்க், டிரீம்லேண்ட் என்று லட்சக்கணக்கான மின்விளக்குகளோடு கேளிக்கைப் பூங்காக்கள் எழுந்திருந்த காலம். இரவில், தூரத்திலிருந்து பார்க்கும்போது கடல்மேல் நெருப்பால் கட்டிய நகரம் போலத் தெரிந்ததில் கார்க்கியும் மயங்கத்தான் செய்தார். உள்ளே போனதும் மயக்கம் கலைந்துவிட்டது. மரச்சட்டம், வெள்ளைப்பூச்சு, பாவிகள் நரகத்தில் விழுவதைக் காட்டும் ஒரு கொட்டகை. வாரமெல்லாம் உழைத்துவிட்டு வந்திருந்த கூட்டத்தின் முகத்தில் அவர் கண்டது சலிப்பு. மறு ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த கட்டுரைக்கும் அதையே தலைப்பாக வைத்தார். உழைப்பை எடுத்துக்கொண்டவர்கள் மக்களின் ஓய்வையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் உள்ளுறை.

அந்தக் குற்றச்சாட்டு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் இப்போது அது முதலாளியை விட்டுவிட்டு, சீட்டு வாங்கி உள்ளே போகிறவர் மேல் பாய்கிறது. குழந்தையைக் கூட்டிக்கொள்ளாமல் டிஸ்னிலேண்டுக்குப் போகும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களை அமெரிக்காவில் ‘டிஸ்னி அடல்ட்’ என்று சொன்னால் அது ஏச்சு. வளர மறுத்தவர்கள், குழந்தைகளின் இடத்தை அடைத்துக்கொள்கிறவர்கள், ஒரு பெருநிறுவனத்திடம் மூளையை அடகு வைத்தவர்கள் என்றெல்லாம் அவர்களைப் பேசுகிறார்கள். ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்காகவே கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். நம் இதழைச் சுற்றியுள்ள நண்பர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. அவர்களோடு இந்த முறை வெளிப்படையாக முரண்பட விரும்புகிறோம்.

முதலில், இந்த இடங்கள் குழந்தைகளுக்கென்று பிறந்தவை அல்ல. பென்சில்வேனியாவின் மாக் சங்க் மலையிலிருந்து நிலக்கரி இறக்க 1827இல் ஒரு தண்டவாளம் போட்டார்கள். கரிப்பெட்டிகள் தம் எடையாலேயே சரிந்து இறங்கும். காலிப் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப்போகும். இறங்கும்போது கழுதைகளுக்கும் ஒரு பெட்டி உண்டு. அப்படி இறங்கிப் பழகிய கழுதை அதன்பிறகு நடந்து இறங்க மறுத்துவிட்டது என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதர்களும் ஏறிப் பார்த்தார்கள். கரி வேறு வழியில் போகத் தொடங்கிய பிறகும் அந்தத் தண்டவாளம் நிற்கவில்லை. உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடியது. 1884இல் லாமார்கஸ் தாம்சன் கோனி ஐலண்டில் போட்ட சரிவு ரயிலின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். கட்டணம் ஐந்து சென்ட். வரிசையில் நின்றவர்கள் தையற்கூடத்திலும் கடைகளிலும் வேலை பார்த்த இளம்பெண்கள், புதிதாகக் குடியேறிய கூலித் தொழிலாளர்கள். வீட்டிலும் பட்டறையிலும் எப்போதும் யாரோ ஒருவரின் கண்காணிப்பில் இருந்த அந்தப் பெண்களுக்கு, உரக்கச் சிரிக்கவும் கத்தவும் விரும்பிய ஆணோடு தோள் உரசி உட்காரவும் கிடைத்த முதல் பொதுவெளிகளில் இதுவும் ஒன்று. வரலாற்றாசிரியர் கேத்தி பீஸ் 1986இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். கார்க்கி பார்த்த அதே முகங்களில் பீஸ் வேறொன்றைப் படித்தார்.

கார்க்கி சொன்னது பொய் என்று நாம் சொல்லவில்லை. லூனா பார்க்கைக் கட்டியவர்கள் டாப்ஸி என்ற யானையை 1903 ஜனவரியில் அந்த இடத்திலேயே மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து பிலிப்பைன்ஸின் இகொரோட் மக்களைக் கொண்டுவந்து வேலிக்குள் காட்சிப் பொருளாக வைத்தார்கள். இவற்றை மறந்துவிட்டு அந்த விளக்குகளைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் இவை அந்த இடத்தை நடத்தியவர்களின் குற்றங்கள். ராட்டினத்தில் ஏறி இறங்கிய தையற்காரப் பெண்ணின் மகிழ்ச்சியை இவற்றைக் காட்டிக் குற்றமாக்க முடியாது.

1958இல் இதே வழக்கு வேறு ஆட்களோடு நடந்தது. ‘தி நேஷன்’ இதழில் ஜூலியன் ஹேலவி என்பவர் டிஸ்னிலேண்டையும் லாஸ் வேகஸையும் ஒரே தராசில் வைத்து, இரண்டும் வெறுமையான வாழ்க்கைகளுக்கு விற்கப்படும் போலிகள் என்று எழுதினார். சில வாரங்களில் ரே பிராட்பரியின் மறுப்புக் கடிதம் வந்தது. ‘ஃபாரன்ஹீட் 451’ எழுதி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். வெகுமக்கள் கேளிக்கை மூளையை மழுக்கும் என்று எச்சரித்தவரே அவர்தான். அறிவாளிகளின் பேச்சை நம்பி வெகுநாள் போகாமல் இருந்ததாகவும், பிறகு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த நடிகர் சார்லஸ் லாட்டனோடு போய், பீட்டர் பேன் சவாரியில் லண்டனுக்கு மேல் பறந்ததாகவும் அந்தக் கடிதத்தில் சொல்கிறார். கேளிக்கையில் அவர் இருவகை பார்த்தார்: மனிதரைத் திரைமுன் மரக்கட்டையாக்குவது ஒன்று, எழுப்பி வியக்க வைப்பது இன்னொன்று. அந்த வேறுபாடு நமக்கும் முக்கியமாகப் படுகிறது.

தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் அதிகம் புழங்கிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981இல் எழுதியது இதற்கு எதிர்முனை: டிஸ்னிலேண்டைச் சிறுபிள்ளைத்தனத்தின் உலகமாகக் காட்டுவதே, வெளியே இருப்பவர்கள் முதிர்ந்தவர்கள் என்று நம்பவைக்கத்தான். கூர்மையான வாதம். ஆனால் அந்தப் பக்கங்களில் வரிசையில் நிற்கும் ஒரு மனிதரிடமாவது நின்று பேசிய தடயமில்லை.

நாம் பேச விரும்புவது அந்த மனிதரைப் பற்றித்தான். ‘ரோலர்கோஸ்டர்’ என்ற திரைப்படத்தின் விளம்பரத்துக்காக 1977இல் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியன் பூங்காவில் நீண்ட நேரம் இறங்காமல் கோஸ்டரில் சவாரி செய்யும் போட்டி ஒன்று நடந்தது. அதில் சந்தித்துக்கொண்டவர்கள் மறு ஆண்டு ‘அமெரிக்கன் கோஸ்டர் என்துசியாஸ்ட்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இப்படிப்பட்டவர்கள் பேசுவதைக் கேட்டால், நம் கச்சேரி ரசிகர்கள் பேசுவது போலவே இருக்கும். எந்தப் பெட்டியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதே அவர்களுக்கு ஒரு பாடம். முன்பெட்டி உச்சியைக் கடந்து சரியத் தொடங்கியதும் அதன் எடை கடைசிப் பெட்டியை மேட்டுக்கு மேல் வெடுக்கென்று இழுக்கும். அந்த நொடியில் உடல் இருக்கையை விட்டு எழும். அதை ‘ஏர்டைம்’ என்பார்கள். மரக் கோஸ்டர் காலையில் ஓடுவது போல் மாலையில் ஓடாது. வெயிலில் மசகு இளகியதும் வேகம் கூடும். எஃகில் கிடைக்காத ஒரு நடுக்கம் மரத்தில் உண்டு. அதை வடிவமைத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த வளைவை யார் பிற்பாடு மாற்றினார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இந்த அக்கறைதான் சில இடங்களைக் காப்பாற்றியது. கோனி ஐலண்டின் சைக்ளோன் 1927இல் கட்டப்பட்டது, 26 மீட்டர் சரிவு. எழுபதுகளில் பக்கத்து மீன்காட்சியகத்தை விரிவாக்க அதை இடித்துவிடத் திட்டமிருந்தது. மக்கள் எதிர்த்து நின்றதால் அது பிழைத்தது. 1988இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் 1902இல் கட்டிய லீப்-த-டிப்ஸ் 13 மீட்டர் உயரம்கூட எட்டாத சாது. 1985இல் நின்றுபோய் உளுத்துக்கொண்டிருந்த அதை, ஆர்வலர்கள் பணம் திரட்டிப் பழுதுபார்த்து 1999இல் மீண்டும் ஓடவிட்டார்கள். இங்கிலாந்தின் மார்கேட்டில் 1920இல் கட்டிய சீனிக் ரயில்வேயில் பழைய முறைதான் இருந்தது: பிரேக் பிடிக்கும் ஆள் ரயிலிலேயே ஏறி வரவேண்டும். பூங்காவை மூடி நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கப் பார்த்தபோது, நகரத் திட்டமிடல் தொழிலில் இருந்த ஒரு கோஸ்டர் ஆர்வலர் 2003இல் இயக்கம் தொடங்கினார். 2008இல் யாரோ தீ வைத்ததில் கணிசமான பகுதி கருகியது. அவர்கள் விடவில்லை. நகராட்சி நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, 2015இல் அந்த ரயில் திரும்ப ஓடியது. பழைய கோயில் மண்டபத்துக்காகவோ ஏரிக்கரைக்காகவோ இப்படி நிற்பவர்களை நாம் மதிக்கிறோம். தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய மரச்சட்டத்துக்கும் அதே மதிப்பு உண்டு.

‘விளையாட்டில் மூழ்கினவருக்கு அரசியல் மறந்துபோகும்’ என்கிறார்கள் நண்பர்கள். கோபன்ஹேகனில் 1843இல் டிவோலி பூங்காவைத் தொடங்கிய கேயார் கார்ஸ்டென்சன், மன்னர் எட்டாம் கிறிஸ்டியானிடம் அனுமதி கேட்டபோது இதைத்தான் சிபாரிசாகச் சொன்னாராம். அந்த நகரத்தில் பிறகு நடந்தது வேறு. 1944 ஜூன் 25, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம். டேனிய எதிர்ப்பாளர்களைப் பழிவாங்க நாஜி ஆதரவுக் கூட்டம் டிவோலியில் குண்டு வைத்தது. கச்சேரி மண்டபம் அழிந்தது. அன்றே ஊரடங்கு வந்தது. மறுநாள் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள், மாலையில் வெளியே போக முடியாவிட்டால் எங்கள் தோட்டங்களை எப்போது கவனிப்பது, அதனால் இப்போதே போகிறோம் என்று சொல்லி மதியத்தோடு வெளியேறினார்கள். சில நாட்களில் நகரம் முழுக்க வேலைநிறுத்தம். டிவோலியும் சில வாரங்களில் திறந்துவிட்டது. ஒரு மாலைப்பொழுதை இழக்க மறுத்த மக்கள்தான் அங்கே ஆக்கிரமிப்பாளனை எதிர்த்தார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் நேராகத் தெரியும். பர்மிங்ஹாம் சிறையிலிருந்து 1963 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்துவிட்டு ஃபன்டவுன் பூங்காவுக்குப் போகவேண்டும் என்ற தன் ஆறு வயது மகளிடம், கறுப்புக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல நாக்கு தடுமாறுவதை எழுதுகிறார். பால்டிமோர் அருகே, கறுப்பர்களை அனுமதிக்காத க்வின் ஓக் பூங்காவில் அதே ஆண்டு ஜூலை 4 அன்று கறுப்பர்களும் வெள்ளையர்களுமாக ஊர்வலம் போனார்கள். பாதிரியார்கள், ரபிகள் உள்ளிட்டு இருநூறு பேருக்கு மேல் கைது. ஆகஸ்ட் 28 அன்று கதவு திறந்தது. வாஷிங்டனில் கிங்கின் பேரணி நடந்த அதே நாள். ஒரு வயது நிரம்பாத கறுப்புப் பெண் குழந்தை தந்தையோடு அங்கே குதிரை ராட்டினத்தில் சுற்றியது. அந்த ராட்டினம் 1981இல் வாஷிங்டனின் நேஷனல் மாலுக்கே கொண்டுவரப்பட்டது. சிறைக்குப் போன அந்த மனிதர்கள் அற்ப விஷயத்துக்காகப் போனார்கள் என்று நம்மில் யார் சொல்வார்?

ஆகவே, பிள்ளை இல்லாதவர் ஏன் போகிறார் என்ற கேள்வியில் நமக்கு அக்கறை இல்லை. உள்ளே யாரால் போக முடிகிறது, போனவர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்பதே நம் கேள்வி. டிஸ்னிலேண்ட் 1955இல் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு ஒரு டாலர். சவாரிகளுக்குத் தனிச் சீட்டு. 2024இல் கூட்ட நாட்களில் ஒரு நாள் சீட்டு 200 டாலரைத் தாண்டிவிட்டது. அதைவிடக் கொடுமை வரிசைக்கு நேர்ந்தது. 1999இல் வந்த ‘ஃபாஸ்ட் பாஸ்’ நேரம் குறித்துக் கொடுக்கும் சீட்டு, எல்லாருக்கும் இலவசம். 2021இல் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். 2024 இறுதியில் கலிபோர்னியாவில் அறிமுகமான இன்னொரு சீட்டின் விலை, நுழைவுக் கட்டணம் போக, ஆளுக்கு 400 டாலர். இரண்டு பாதைகளும் சேருமிடத்தில் நிற்கும் ஊழியர் காசு கொடுத்தவர்களையே அதிகம் உள்ளே விடுவார்; மற்றவர்களின் வரிசை அசையாது. சிறப்பு தரிசனக் கட்டணம் எழுதிய பலகையையும் அதன் பக்கத்தில் கால் கடுக்க நிற்கும் தர்ம தரிசன வரிசையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோனி ஐலண்டின் ஐந்து சென்ட் வரிசையில் தையற்காரியும் குமாஸ்தாவும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அந்தச் சமத்துவம்தான் இப்போது விற்கப்படுகிறது.

இதை வருடக்கணக்காக உரத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஏளனத்துக்கு ஆளாகும் அந்தப் பெரியவர்களேதான். எந்த ஆண்டு எது இலவசமாக இருந்தது, எப்போது விலை ஏறியது, எந்தச் சவாரியில் பராமரிப்பு குறைந்தது என்பதை அவர்களைப் போல் குறித்து வைத்திருப்பவர்கள் இல்லை. மிக்கியாகவும் இளவரசியாகவும் வேடமிட்டு நிற்கும் டிஸ்னிலேண்ட் கலைஞர்கள் 2024 மே மாதம் வாக்களித்து நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர்ந்தார்கள். கார்க்கியின் பக்கம் நிற்கும் நண்பர்கள் அந்தத் தொழிலாளர்களோடும், வரிசையில் நிற்கும் இந்த ரசிகர்களோடும் பேசத் தொடங்கலாம். பேச நிறைய இருக்கிறது.